கல்லை நட்டுவிட்டு அப்புறம் கருத்துக் கேட்பது

கேள்வி: "நான் ஓமலூர் பக்கத்துக் கல்லூரி மாணவன். காமலாபுரம் விமான நிலைய விரிவாக்கத்துக்கு எங்கள் பக்கத்தில் நிலம் எடுக்கப் போவதாகப் பல வருடமாகப் பேச்சு. நில எடுப்புச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிலம் கொடுக்கிறவர்கள் உண்மையில் என்னதான் கேட்கிறார்கள்? பணம் கூடினால் போதுமா, இல்லை நிலமே தர மாட்டோம் என்பதா?"

தம்பி, நான் வக்கீல் இல்லை. சேலத்துக்குக் கிழக்கே முப்பது வருடத்துக்கு மேலாகப் பத்திரம் எழுதுகிறவன். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, உயில் எல்லாம் எழுதியது போக, நில எடுப்பு அறிவிப்பு வந்த காலங்களில் ஆட்சேபணை மனுவும் நிறைய எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஜனங்கள் பேசியதை வைத்துத்தான் இந்தப் பதில்.

நீங்கள் கேட்ட "பணமா, நிலமா" என்ற கேள்வியே பாதி தப்பு. 2018-ல் சேலம் - சென்னை எட்டுவழிச் சாலை அறிவிப்பு வந்தபோது (277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய், ஐந்து மாவட்டம்) அரியானூரில் தொடங்கி, பூலாவரி, குப்பனூர், ஆச்சாங்குட்டப்பட்டி, அடிமலைப்புதூர் வழியாக மஞ்சவாடி கணவாய் வரை அளவுக்கல் நட்டார்கள். போலீஸ் துணையோடுதான் நட்டார்கள். அந்தக் கோடையில் என்னிடம் வந்தவர்களில் முதல் வார்த்தையாக "ஏக்கருக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டவர்கள் குறைவு. "எங்க தோட்டத்துல பாதி போவுதுன்னு கல்லைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம், ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலையே" என்பதுதான் பெரும்பாலானவர்கள் சொன்னது. பாக்குத் தோப்பு வைத்திருந்த ஒரு பெரியவர் இதையே மூன்று தடவை சொன்னார். தொகையைப் பற்றி அவர் பேசவே இல்லை.

சட்டத்தின் வரிசை அப்படி. தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956-ம் வருடச் சட்டத்தில். நிலம் எடுக்கப் போகிறோம் என்கிற 3ஏ பிரிவு அறிவிப்பு அரசிதழில் வரும், இரண்டு தினசரிகளில் பொடி எழுத்தில் சர்வே நம்பர் பட்டியலாக வரும். 21 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். அதை அதிகாரி விசாரித்துத் தள்ளுபடி செய்ததும் 3டி அறிவிப்பு. அது வெளியான அன்றே நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். இழப்பீடு எவ்வளவு என்று பேசுவதே அதற்குப் பிறகுதான். சாலை வேண்டுமா, இந்தப் பக்கமாகத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு நிலக்காரர் வாய் திறக்க அந்த 21 நாள் மட்டும்தான் இடம். அதிலும் பாதி நாள் பேப்பரில் வந்த நம்பர் நம்முடையதா, உட்பிரிவு எது என்று கண்டுபிடிப்பதிலேயே போய்விடும்.

"2013-ல் புதுச் சட்டம் வந்ததே, 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டுமே" என்பீர்கள். நல்ல சட்டம்தான். 1894-ம் வருட வெள்ளைக்காரன் சட்டத்தை எடுத்துவிட்டு, 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனியார் கம்பெனிக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம், அரசு - தனியார் கூட்டுத் திட்டம் என்றால் 70 சதவீதம் சம்மதம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் சமூகத் தாக்க மதிப்பீடு என்று ஒன்று நடத்த வேண்டும். நிலம் உண்மையிலேயே தேவையா, இவ்வளவு தேவையா, வேறு இடம் உண்டா, யார் யார் பிழைப்பு போகும் என்று ஊரில் வந்து கேட்டு, அறிக்கை எழுதி, வெளி ஆட்கள் இருக்கிற குழு அதைப் பார்த்து, திட்டமே வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பெரியவர் கேட்ட "ஒரு வார்த்தை" சட்டத்தில் இதுதான்.

ஆனால் அதே சட்டத்தின் கடைசியில் நாலாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை, ரயில்வே, மெட்ரோ, சுரங்கம், பெட்ரோலியக் குழாய் என 13 மத்தியச் சட்டங்களுக்கு இந்த மதிப்பீடும் சம்மதமும் கிடையாது என்று அங்கே விலக்கு. இழப்பீட்டுக் கணக்கு மட்டும் 2015-லிருந்து அவற்றுக்கும் பொருந்தும். இது போதாதென்று தமிழ்நாடு தன் பங்குக்கு 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, மாநில நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம், ஆதிதிராவிடர் நலத்துக்கான 1978-ம் வருடச் சட்டம் மூன்றுக்கும் விலக்கு வாங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் அது செல்லாது என்றது. அதே வருடக் கடைசியில் அந்தச் சட்டங்களுக்கு உயிர் கொடுக்க இன்னொரு சட்டம் வந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. 2023-ல் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் வேறு. எந்தக் கட்சி ஆட்சி என்பது இதில் பெரிய வித்தியாசம் செய்யவில்லை.

யோசித்துப் பாருங்கள். சேலத்தில் நிலம் எதற்கு எடுக்கிறார்கள்? நெடுஞ்சாலை, பைபாஸ், ரயில்வே மேம்பாலம், சிப்காட். இதில் அந்த மதிப்பீடு நடக்க வேண்டியது எதற்கு? ஏறக்குறைய எதற்கும் இல்லை. எந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், முதலில் அந்த நாலாவது அட்டவணையையும் தமிழ்நாட்டு விலக்கையும்தான் காட்டுவேன்.

எட்டுவழிச் சாலை வழக்கு எங்கே போய் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம் அறிவிப்புகளை ரத்து செய்தது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள். 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றி, 3ஏ அறிவிப்பு செல்லும், அந்தக் கட்டத்தில் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, வேலை தொடங்கும் முன் வாங்கினால் சரி என்றது. ஆனால் வெறும் 3ஏ அறிவிப்பை வைத்து வருவாய்க் கணக்கில் பெயரை மாற்றியது தப்பு, பழையபடி மாற்றிக் கொடுங்கள் என்பதை உச்ச நீதிமன்றமும் சொன்னது. என் தொழிலில் இருப்பவனுக்கு இது மிகப் பெரிய விஷயம். அறிவிப்பு வந்த சர்வே நம்பரை எவனும் வாங்க மாட்டான், பேங்கில் அடமானம் வைக்க முடியாது, பெண்ணுக்குச் சீர் செய்ய அரை ஏக்கர் விற்கலாம் என்று நினைத்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்தச் சாலை இன்றுவரை வரவில்லை. அதற்காக அங்கே நின்றுபோன கல்யாணங்களும் கடனும் யார் கணக்கிலும் வரவில்லை. நிலம் எடுக்காமலேயே ஏற்படுகிற இந்த நட்டத்துக்குச் சட்டத்தில் இழப்பீடே கிடையாது.

சரி, இனிப் பணம். இங்கே நான் என்னையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தித்தான் பேச வேண்டும்.

அரசுத் திட்டத்துக்கு எடுக்கும்போது சட்டப்படி சந்தை மதிப்பு என்பது இரண்டில் எது அதிகமோ அது: பத்திரப் பதிவுக்கு அரசு போட்டிருக்கிற வழிகாட்டி மதிப்பு, அல்லது அக்கம்பக்கத்தில் கடந்த மூன்று வருடத்தில் பதிவான கிரயங்களில் விலை உயர்ந்த பாதியின் சராசரி. கிராமப்புறம் என்றால் நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து 1 முதல் 2 வரை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். மரம், கிணறு, வீட்டு மதிப்பைச் சேர்ப்பார்கள். வந்த தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை. போக, அறிவிப்பு நாளிலிருந்து சந்தை மதிப்புக்கு வருடம் 12 சதவீதம். உதாரணத்துக்கு, ஏக்கர் வழிகாட்டி மதிப்பு 10 லட்சம், பெருக்கும் எண் 1.5 என்று வையுங்கள். 15 லட்சம், ஆறுதல் தொகை சேர்ந்து 30 லட்சம். மைக்கில் "மூன்று மடங்கு கொடுக்கிறோம்" என்று சொல்வது இதைத்தான். பொய் இல்லை. ஆனால் அதே ஏக்கர் வெளியில் 60 லட்சத்துக்குக் கைமாறிக்கொண்டிருந்தால்?

60 லட்சத்துக்கு விற்ற நிலம் கிரயப் பத்திரத்தில் 10 லட்சமாக எப்படி ஆனது? நான்தான் எழுதினேன். என்னைப் போன்றவர்கள் எழுதினோம். வாங்குகிறவர் முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க, விற்கிறவர் வருமான வரிக்குப் பயந்து, இரண்டு பேருமே "கைடுலைன் போட்டுடுங்க" என்பார்கள். ஊரே சேர்ந்து எழுதிய அந்தப் பொய்க் கணக்கைத்தான் நில எடுப்பு அதிகாரி எடுத்து மேசையில் போட்டு, "உங்க ஊர் விலை இதுதானே" என்கிறார். அவரை எப்படித் திட்டுவது? 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது எங்கள் பக்கம் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வருடமே எட்டுவழி அறிவிப்பு. குறைந்த மதிப்பே கணக்குக்கு அடிப்படை. அந்தக் குறைப்பை 2023 ஏப்ரலில் விலக்கினார்கள். சில வழக்குகளில் அந்த மூன்று வருடக் கிரயங்களில் நல்ல விலை காட்டிய ஒரே ஒரு பத்திரம் தேடி நாங்கள் வில்லங்கம் போட்டு அலைந்திருக்கிறோம். பேங்க் கடனுக்காக யாரோ உண்மை விலை எழுதியிருந்தால் அவர் அந்த ஊருக்கே உபகாரி!

மதிப்பீட்டைப் பதிவுத் துறைக் கணக்கிலிருந்து பிரித்து, விளைச்சல் வருமானம், பாசன வசதி, பக்கத்து நில விலை எல்லாம் பார்க்கிற தனி அமைப்பிடம் கொடுக்க வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் நாம் பத்திரத்தில் எழுதும் விலை மாறாத வரைக்கும் எந்த அமைப்புக்கும் பிடி கிடைக்காது என்பதும் என் அனுபவம்.

தொகை போதவில்லை என்றால் எங்கே போவது? 2013 சட்டத்தில் எடுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அது தொகையைக் கூட்டித் தரலாம். நெடுஞ்சாலை என்றால் மத்திய அரசு நியமிக்கும் நடுவர், பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர். எடுக்கிற அரசே நியமிக்கிறவர் நடுவரா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேள்வி எழுப்புவார்கள், நியாயமான கேள்விதான். அவர் குறைத்துப் போட்டால் நீதிமன்றம் தானாகக் கூட்டித் தர முடியாது, ரத்து செய்யத்தான் முடியும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் நம் மாநிலத்து வழக்கில். 2025-ல் அரசியல் சாசன அமர்வு கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. ஒரே ஊரில் ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் சிப்காட்டுக்கும் அந்தப் பக்கம் நெடுஞ்சாலைக்கும் எடுத்தால், இரண்டு பேருக்கும் வேறு வேறு வழி, வேறு வேறு கெடு. இதே மாதிரி, 1997 முதல் 2015 வரை நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு மட்டும் ஆறுதல் தொகையே இல்லாமல் இருந்தது. அது சமத்துவத்துக்கு விரோதம் என்று 2019-ல் தீர்ப்பு வந்து, 2025 பிப்ரவரியில் மறுபடி உறுதியானது. சேலம் வழியாக நாலுவழிச் சாலை போட்ட காலத்தில் கொடுத்தவர்கள் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாரிசுகள் வருகிறார்கள், வாரிசுச் சான்றுக்கு மனு எழுதித் தருகிறேன்.

வாரிசு என்றதும் ஞாபகம். இழப்பீட்டுத் தொகை வந்தால்தான் பல வீடுகளில் அக்கா தங்கைகள் பெயர் வெளியே வருகிறது. 1989-லிருந்தே தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு உண்டு. ஆனால் பட்டா அண்ணன் பேரில் இருக்கும். நோட்டீஸ் அவருக்கு. தங்கை ஆட்சேபணை கொடுத்தால் பணம் கோர்ட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். என் மாமனார் நிலத்தில் ஒரு துண்டு பைபாஸுக்குப் போனபோது இதே கதை. அதில் ஒரு அலுவலகம் உட்பிரிவைத் தப்பாகப் போட்டு, அடுத்தவர் பேரில் தீர்வம் (இழப்பீட்டு உத்தரவு) எழுதி, திருத்தி வாங்க ஆறு வருடம். அதற்குள் மாமியாரும் போய்விட்டார்.

குத்தகைக்கு ஓட்டுகிறவர், அரளிப் பூ பறிக்கிற கூலிப் பெண், குச்சிக்கிழங்கு வெட்டுகிற ஆள் இவர்களையும் 2013 சட்டம் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்கிறது, அந்த நிலத்தை நம்பி மூன்று வருடமாவது பிழைத்திருந்தால். வேலை, அல்லது 5 லட்சம், அல்லது இருபது வருடத்துக்கு மாதம் 2,000 ரூபாய் என்று அட்டவணையில் இருக்கிறது. ஆனால் குத்தகை வாய்ப்பேச்சில் இருக்கிறது, கூலிக்கு எந்தக் காகிதமும் இல்லை. கூட்டங்களில் பேசுகிறவர்கள் பட்டாதாரர்கள். பனமரத்துப்பட்டி பக்கம் ஒரு கூலிப் பெண் என்னிடம் சொன்னார்: "நிலம் போனா அவங்களுக்குப் பணம் வரும், எங்களுக்கு என்னங்க வரும்?" நீங்கள் கல்லூரியில் பேசினால் இந்தக் கேள்வியையும் எடுத்துப் பேசுங்கள். வேறு யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஏற்காடு, சேர்வராயன் மலைப் பக்கம் கதை வேறு. பழங்குடிப் பகுதிகளில் கிராம சபையின் முன் சம்மதம் இல்லாமல் நிலம் எடுக்கக் கூடாது என்று 2013 சட்டம் சொல்கிறது. அது அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணையில் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. ஜார்கண்டிலும் ஒடிசாவிலும் உள்ள அட்டவணைப் பகுதிகளில் பழங்குடிக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் ஒன்றுதான் பிடிமானம்: உரிமை கோரிக்கை விசாரித்து முடியும் வரை வெளியேற்றக் கூடாது. மலையில் பலருக்கு இருப்பது நிபந்தனைப் பட்டா, சிலருக்கு அதுவும் இல்லை. காபித் தோட்ட முதலாளி வக்கீல் வைத்துக்கொள்வார். சில்வர் ஓக்கில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிக்கும் தோட்டக்கலை அதிகாரியை வைத்து மதிப்பு வாங்கிவிடுவார். நாலு தலைமுறையாகப் பயிர் வைத்தும் பட்டா இல்லாதவருக்கு மதிப்புப் போடவே சர்வே நம்பர் வேண்டுமே.

எடுத்த நிலத்தைப் பயன்படுத்தாமல் போட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலைக்கு 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆயிரக்கணக்கான ஏக்கர் கொடுத்தவர்களின் பிள்ளைகள், சும்மா கிடக்கும் பகுதியையாவது திருப்பிக் கொடுங்கள் என்று இன்னும் கேட்கிறார்கள். பழைய சட்டத்தில் தமிழ்நாடு 48பி என்று ஒரு பிரிவு வைத்திருந்தது, தேவைப்படாத நிலத்தை முன்னாள் உரிமையாளருக்கே கொடுக்கலாம் என்று. "கொடுக்கலாம்", கட்டாயமில்லை. அதுவும் நிலம் அரசு கையிலேயே இருந்தால்தான். கம்பெனிக்கோ வாரியத்துக்கோ மாறிவிட்டால் முடிந்தது. புதுச் சட்டத்தின் 101-வது பிரிவு ஐந்து வருடம் பயன்படுத்தாவிட்டால் உரிமையாளருக்கு, "அல்லது" அரசின் நில வங்கிக்கு என்கிறது. அந்த "அல்லது" என்ற ஒரு சொல்லை எடுத்தால் போதும் என்று ஒரு கூட்டத்தில் ஒரு விவசாயி சொன்னார். அவர் எட்டாவது வரை படித்தவர். எந்தச் சட்டக் கல்லூரியிலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதேதான். 2005-ல் நியூ லண்டன் என்ற ஊரில் தனியார் வளர்ச்சித் திட்டத்துக்காக வீடுகளை எடுப்பதைச் சரி என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்புச் சொன்னது. ஜனங்கள் கொதித்ததில் நாற்பதுக்கு மேற்பட்ட மாகாணங்கள் சட்டத்தைத் திருத்தின. எடுத்த இடமோ வருடக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தது. இங்கேயும் கொதிப்புக்குப் பலன் இருந்திருக்கிறது. 2014 டிசம்பரில் சம்மதத்தையும் மதிப்பீட்டையும் ஐந்து வகைத் திட்டங்களுக்கு நீக்கி அவசரச் சட்டம் வந்தது. மூன்று தடவை பிறப்பித்தும் எதிர்ப்பு தாங்காமல் 2015 ஆகஸ்டில் காலாவதியாக விட்டார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "ரோடே வேண்டாம்னா எப்படி, ஆத்தூர் தாண்டி ஆம்புலன்ஸ் போக வேண்டாமா" என்று கேட்கிறவர்கள் எல்லோரும் நிலமில்லாத டவுன்காரர்கள் இல்லை. மேட்டூர் அணையைக் கட்டாமல் இருந்திருந்தால் டெல்டா என்ன ஆகியிருக்கும்? தண்ணீர் வற்றும்போது பண்ணவாடியில் நந்தி சிலை தலை காட்டுகிறதே, அங்கே ஊர் இருந்தது. அந்த ஜனங்கள் கொடுத்த நிலத்தில்தான் 1934-லிருந்து தண்ணீர் நிற்கிறது. நூறு சதவீத சம்மதம் கேட்டால் ஒரே ஒருத்தர் எதையும் நிறுத்திவிடலாம். புரோக்கர்கள் அந்த ஒருத்தரைத் தேடிப் பிடித்துக் காசாக்குவதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே "நிலமே தர மாட்டோம்" என்பது சேலத்துப் பொதுக் கருத்து என்று நான் சொல்ல மாட்டேன். மலையடிவாரத்தில் மூன்று போகம் எடுக்கிற சிலர் சொல்கிறார்கள். மற்றவர்கள், ஏன் என் நிலம், வேறு வழி பார்த்தீர்களா, பார்த்தால் காகிதத்தைக் காட்டுங்கள் என்கிறார்கள். 2024 மே மாதம் ஒரு கொல்கத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொத்துரிமைக்குள் ஏழு உரிமைகள் அடக்கம் என்று எழுதியது. முதல் மூன்று: முன்கூட்டித் தெரிவிப்பது, சொல்வதைக் கேட்பது, காரணம் சொல்லி முடிவெடுப்பது. இழப்பீடு அந்த வரிசையில் ஐந்தாவதாகத்தான் வருகிறது. பாக்குத் தோப்புப் பெரியவரும் கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் பேசினார்.

உங்கள் ஊர் விஷயம். அறிவிப்பு வந்தால் பதறாமல் முதலில் எந்தச் சட்டத்தின் கீழ் என்று தலைப்பைப் படியுங்கள். 2013 சட்டம் என்றால் ஆட்சேபணைக்கு 60 நாள், தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் என்றால் 21. மனுவில் "விலை போதாது" என்று ஆரம்பிக்காதீர்கள், அந்தக் கட்டத்தில் அது ஆட்சேபணையாகவே எடுபடாது. எந்த நிலம், என்ன பாசனம், எத்தனை மரம், கிணறு ஒரு பக்கமும் வயல் மறுபக்கமும் போகிறதா, பக்கத்தில் புறம்போக்கு இருக்கிறதா என்று எழுதுங்கள். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் ஆளுக்கொன்றாகத் தனி மனு. நேரில் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வாங்குங்கள். அதற்கு முன்னால், இந்த வாரமே போய் பட்டாவில் இன்னும் தாத்தா பெயர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஓமலூர் பக்கம் பாதிப் பட்டா அப்படித்தான் இருக்கும்.